ஜாக்சன் துரைக்கு ஆள் தேவை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டு விழா நெருங்குகிறது என்பதை நான் நாட்காட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்வதில்லை. ஆசிரியர் அறையில் மேஜைக்கு மேஜை மீசைகள் கிடக்க ஆரம்பித்தால் தெரிந்துகொள்கிறேன். கறுப்புக் கம்பளி நூலில் செய்த மீசை, தேங்காய் நாரில் செய்து மை பூசிய மீசை, கடையில் வாங்கிய மீசை என்று அவற்றில் பல தினுசுகள் உண்டு. சித்திர ஆசிரியர் ஒவ்வொன்றையும் பரீட்சித்துப் பார்ப்பதற்காகத் தம் மேலுதட்டில் ஒட்டிக்கொள்வார். ஒரு நாள் அதை மறந்து அப்படியே வகுப்புக்கும் போய்விட்டார். அன்று பிள்ளைகள் என்றுமில்லாத ஒழுங்குடன் பாடம் கேட்டதாக அவரே பிறகு சொன்னார்.

இந்த மீசைகளெல்லாம் யாருக்காக என்று தமிழ்நாட்டு வாசகர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மாறுவேடப் போட்டிக்கு இவ்வருஷம் ஏழு கட்டபொம்மன்கள் பெயர் கொடுத்தார்கள். இருவர் பெண் குழந்தைகள். ஒருவனுக்கு விழுந்த முன்பற்கள் இன்னும் முளைக்கவில்லை. 'வரி' என்ற சொல்லை அவன் உச்சரித்தபோது பாதி காற்றாகத்தான் வெளியே வந்தது. ஆனால் கண்ணை உருட்டிய உருட்டலில் குறை சொல்ல முடியாது.

இது சின்னப் பிள்ளைகளின் காரியம். பெரிய வகுப்பு மாணவர்கள் நடிக்கும் 'ஜாக்சன் துரைக் காட்சி' தனியாக உண்டு. அதில்தான் வருஷந்தோறும் எனக்குத் தலைவலி. கட்டபொம்மனாக வேஷம் போடப் பதினைந்து பேர் வருவார்கள்; ஜாக்சனாக வேஷம் போட ஒருவனும் வரமாட்டான். சிவப்பாக இருக்கிறான் என்று ஒருவனைப் பிடித்தால் அவன் தாயார் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு வந்துவிடுகிறார். சென்ற வருஷத்து ஜாக்சன், விழா முடிந்து ஆறு மாதம் வரையில் கடைத்தெருவில் நடமாட முடியவில்லை, பெட்டிக் கடைக்காரர்கூட, "துரைக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டாராம்.

சரித்திர ஆசிரியன் என்ற முறையில் ஜாக்சனைத் தேடிப் பிடிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது. இவ்வருஷம் அந்தத் தேடலில் நான் ஓர் அரிய நட்பையே இழக்க இருந்தேன். அதைச் சொல்லத்தான் இந்த வாரம் பேனாவை எடுத்தேன்.

முதலில் எங்கள் ஆசிரியர் அறையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மத்தியான்னச் சாப்பாட்டு வேளையில் அங்கே வேறு எந்த விஷயம் எடுத்தாலும் இரண்டு கட்சிகள் உண்டாகும். 'வீரபாண்டிய கட்டபொம்மன்' படத்தை எடுத்தால் மட்டும் எல்லோரும் ஒரே கட்சி. தேகப் பயிற்சி ஆசிரியர், படத்தைப் பார்ப்பதற்குப் பல வருஷம் முன்பே அதைக் காதால் கேட்டவர். கல்யாண வீடுகளிலும் கோவில் கொடைகளிலும் ஒலிபெருக்கியில் கதை வசனத் தட்டைச் சுழலவிட்ட காலம் அது. ஜாக்சன் துரை எப்படி இருப்பார் என்று தாமே ஓர் உருவத்தைக் கற்பித்து வைத்திருந்ததாகவும், படத்தில் பார்த்தபோது ஏமாந்ததாகவும் சொல்லுவார். கணக்கு ஆசிரியை சுதந்திர தினத்தன்று தொலைக்காட்சியில் பார்த்தவர். சித்திர ஆசிரியருக்கு அதன் வண்ணங்களில் மோகம். எனக்கோ, என் தமிழாசிரியர் வகுப்பில் அந்தக் காட்சியை நடித்துக் காட்டியதுதான் முதல் படக் காட்சி. திரையில் பிற்பாடு பார்த்தபோது, சிவாஜி கணேசன் எங்கள் ஐயாவைப் பார்த்துத்தான் நடிக்கிறார் என்று எனக்குத் தோன்றியது.

அந்த ஐயா ஓய்வு பெற்று இருபது வருஷத்துக்கு மேலாகிறது. எண்பதை எட்டும் வயது. ஆனாலும் ஆண்டு விழாவுக்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு நாள் மாலை, குடையை ஊன்றிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்பார். வசன உச்சரிப்பைத் திருத்துவது அவர் தமக்கே வைத்துக்கொண்ட வேலை. அவர் முன்னிலையில் யாரும் ளகரத்தை லகரமாக்கிவிட்டுத் தப்ப முடியாது. 2015 ஆம் வருஷம் இந்தப் படத்தைப் புதுக்கி மறுபடியும் திரையிட்டபோது, நாங்கள் எல்லோரும் வண்டி வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனோம். கொட்டகையில் ஜனங்கள் நடிகரை முந்திக்கொண்டு வசனம் சொன்னார்கள். பின் வரிசையில் இருந்த ஒரு வாலிபர் ஒரு சொல்லை மாற்றிச் சொல்லிவிட்டார். இருட்டில் ஐயா திரும்பி, வகுப்பறைக் குரலில் அதைத் திருத்தினார். அந்த வாலிபர் கோபித்துக்கொள்ளவில்லை. இடைவேளையில் ஐயாவுக்குக் காப்பி வாங்கிக்கொண்டு வந்து, விட்டுப்போன பாகங்களைக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

இந்த நாடகத்தின் பூர்வோத்தரம் மிகவும் ரஸமானது. கட்டபொம்மன் கதை எங்கள் சீமையில் கும்மியாகவும் கூத்தாகவும் வெகு காலம் உலவிய கதை. சிவாஜி கணேசன் சிறு பையனாக இருந்தபோது தம் ஊருக்கு வந்த கட்டபொம்மன் கூத்தைப் பார்த்தார். கூத்தில் வெள்ளைக்காரச் சிப்பாய்களாக நிற்கப் பையன்கள் தேவைப்பட்டார்கள்; அவரும் ஒருவராகப் போய் நின்றார். அந்த மயக்கம் தலைக்கேறி, தாய் தகப்பன் இல்லாத அநாதை என்று பொய் சொல்லி நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1957 ஆம் வருஷம், திரையில் புகழின் உச்சியில் இருந்தபோது, ஸ்ரீ சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய நாடகத்தைத் தம் நாடக மன்றத்தின் மூலம் மேடை ஏற்றினார். அதுவே 1959 இல் ஸ்ரீ பி. ஆர். பந்துலுவின் இயக்கத்தில் வண்ணப் படமாக வந்தது. மறு வருஷம் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் என்ற பரிசும், ஸ்ரீ ஜி. ராமநாதனுக்கு இசைக்கான பரிசும் கிடைத்தன.

மேடை நாடகம் படமானால் அதன் மேடைத் தன்மை போய்விட வேண்டும் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். இந்தப் படத்தில் அது போகவில்லை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்க வேண்டும் என்று பழகிய குரல், ஒலிவாங்கியின் முன்னாலும் அப்படியே ஒலிக்கிறது. பல இடங்களில் எனக்கு அது அதிகம் என்றுதான் படுகிறது. வெள்ளையத்தேவனும் வெள்ளையம்மாளும் காதல் புரியும் பகுதிகளில் காளை வந்த பிறகுதான் எனக்கு உற்சாகம் வருகிறது. ஜெமினி கணேசனையும் பத்மினியையும் குறை சொல்லுகிறானே என்று கணக்கு ஆசிரியை என்னை மன்னிக்கமாட்டார்.

ஆனால் ஜாக்சன் துரைக் காட்சியில் அந்தக் குரல் அவ்வளவும் வேண்டும். ஸ்ரீ சி. ஆர். பார்த்திபன் ஜாக்சனாக வருகிறார். அவர் அதிகம் குரலை உயர்த்துவதில்லை. அதிகாரத்தில் இருப்பவனுக்குக் கத்த வேண்டிய அவசியம் என்ன? வரி எங்கே என்று கேட்கிறார். அதற்குப் பதிலாக வருபவை வினாக்கள். எங்களோடு வயலில் இறங்கினாயா, நாற்று நட்டாயா என்று தொடங்கி, ஆண்கள் வேலையிலிருந்து பெண்கள் வேலை வரையில், வயலிலிருந்து வீட்டு அம்மிக்கல் வரையில், அவை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டு போகின்றன. ராஜ்ய உரிமை, பரம்பரை உரிமை என்று பேசாமல், உழைப்பில் பங்கு கொண்டவனுக்கே விளைச்சலில் பங்கு என்று ஒரு குடியானவன் பேசுவது போலப் பேசுகிற பாளையக்காரர் இவர். வரி கொடுத்துப் பழகிய ஜனங்களுக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று நான் அதிகம் யோசித்ததில்லை. அதற்குப் பின்னால் வருகிறேன்.

இவ்வருஷத்து ஜாக்சன் வேட்டையில் பதினோராம் வகுப்புப் பையன் ஒருவன் அகப்பட்டான். நல்ல உயரம், அதிகம் பேசாதவன். "சார், கட்டபொம்மன் வசனம் எனக்கு முழுக்கத் தெரியும். என்னைப் போய் ஜாக்சனாகப் போடுகிறீர்களே" என்றான். பாவமாக இருந்தது. சிவாஜி கணேசன் முதன்முதலில் இந்தக் கதையில் வெள்ளைக்காரச் சிப்பாயாகத்தான் நின்றார் என்று சொன்னேன். பையன் முகத்தில் கொஞ்சம் தெளிவு வந்தது. அந்த வெற்றியில் மயங்கி, மேலும் ஒரு சமாதானம் சொல்லப் போனேன்.

"அப்பா, ஜாக்சனும் கடைசியில் பரிதாபத்துக்கு உரியவன்தான். இந்தச் சந்திப்பில் நடந்ததற்காக அவன் வேலையே போய்விட்டது" என்று ஆரம்பித்து, ஒத்திகைக்கு வந்திருந்த பிள்ளைகள் எல்லோருக்கும் சரித்திரத்தைச் சொல்லத் தொடங்கினேன். ஐயாவும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

நடந்தது இதுதான். 1798 ஆம் வருஷம் கலெக்டர் ஜாக்சன் தம்மை வந்து பார்க்கும்படி கட்டபொம்மனுக்கு உத்தரவு அனுப்பினார். கட்டபொம்மன் பார்க்கப் போன ஊர்களிலெல்லாம் கலெக்டர் பேட்டி கொடுக்காமல் அடுத்த ஊருக்கு நகர்ந்தார். குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று அலைய வைத்து, செப்டம்பர் மாதத்தில் இராமநாதபுரத்தில் பேட்டி கொடுத்தார். கட்டபொம்மனும் அவர் மந்திரி சிவசுப்பிரமணியனாரும் மூன்று மணி நேரம் நின்றுகொண்டே இருக்க வேண்டியிருந்தது. பிறகு அவர்களைப் பிடித்து வைக்க முயன்றபோது கைகலப்பு உண்டாயிற்று. லெப்டினன்ட் கிளார்க் இறந்தான், ஊமைத்துரையின் உதவியால் கட்டபொம்மன் தப்பினார், சிவசுப்பிரமணியனார் பிடிபட்டார். சென்னையில் விசாரணைக் கமிட்டி கூடி, தவறு ஜாக்சன் மேல்தான் என்று கண்டது. மந்திரியை விடுதலை செய்து, ஜாக்சனை வேலையிலிருந்து நீக்கி, லூஷிங்டனைக் கலெக்டராக்கினார்கள்.

இவ்வளவோடு நான் நிறுத்தியிருக்கலாம். உபாத்தியாயர்களுக்கு நிறுத்தத் தெரியாது. "இன்னொரு விஷயம். அந்தச் சமயத்தில் கட்டபொம்மன் வரிப் பாக்கியில் பெரும்பகுதியைச் செலுத்தியாகிவிட்டது. பாக்கி நின்றது 1,080 பகோடாதான். உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது" என்றேன்.

ஜாக்சன் பையன் நிமிர்ந்தான். "அப்படியானால் கட்டபொம்மன் வரி கட்டினாரா, சார்?"

"கட்டினார்."

"அப்படியானால் இந்த வசனம்?"

"அது நாடக ஆசிரியர் எழுதியது. அன்று இருவருக்கும் நடுவில் துபாஷி நின்றிருப்பான். கட்டபொம்மன் வீட்டு மொழி தெலுங்கு. இப்படி அடுக்குத் தமிழில் பேசியிருக்கச் சந்தர்ப்பமே இல்லை" என்றேன், ஏதோ பெரிய சாதனை செய்தவன் போல.

பிள்ளைகள் அனைவரும் ஏக காலத்தில் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து உறையில் போட்டார். குடையை எடுத்துக்கொண்டார். படியில் இறங்குகையில் நான் கை கொடுக்கப் போனேன். கையைத் தள்ளிவிட்டு இறங்கிப் போனார். மறுநாள் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. ஒன்பது நாள் வரவில்லை.

ஒத்திகை படுத்துவிட்டது. வரி கட்டியவனுக்கு இவ்வளவு பெரிய மீசை எதற்கு என்று ஒருவன் கேட்டதாகச் சித்திர ஆசிரியர் வருத்தத்துடன் சொன்னார். சரித்திரம் படித்ததற்காக நான் ஒருநாளும் வெட்கப்பட்டதில்லை. படத்தின் தயவால் 'எட்டப்பன்' என்ற சொல் துரோகி என்று பொருள்படும் வசைச் சொல்லாகிவிட்டதே, அதை வகுப்பில் ஒவ்வொரு வருஷமும் கண்டிக்கிறவன் நான். எட்டயபுரம் பாளையக்காரர் கும்பெனி பக்கம் நின்றது மெய்தான். அவ்விரண்டு பாளையங்களுக்கும் எல்லைச் சண்டை வெகு நாளாக இருந்தது. கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்தவர் புதுக்கோட்டைத் தொண்டைமான். பாரதியார் பிறந்த ஊரின் பெயரைச் சொல்லித் தெருவில் சண்டை போடுவது என்ன நியாயம்? இதையெல்லாம் நான் சொல்லும்போது ஐயா கோபித்ததில்லை, தலையை ஆட்டுவார். கட்டபொம்மன் கொள்ளைக்காரன் என்றே புத்தகம் எழுதியவர்கள் உண்டு. அதற்குக்கூட அவர் சிரித்தார். பின் இப்போது மட்டும் ஏன்?

பத்தாம் நாள் மாலை அவர் வீட்டுக்குப் போனேன். திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "வா" என்று சொல்லாமல் சற்று நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்தேன். வெகு நேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எங்கள் ஐயாவுக்கு எழுத்து வாசனை கிடையாது, தெரியுமா உனக்கு?" என்றார் திடீரென்று. தம் தகப்பனாரைச் சொல்லுகிறார் என்று எனக்குப் புரிவதற்குச் சிறிது நேரம் ஆயிற்று.

படம் அவர்கள் ஊர்ப் பக்கத்து டூரிங் கொட்டகைக்கு வந்தபோது ஐயாவுக்குப் பதினாலு வயது. தகப்பனார் அதுவரையில் சினிமாப் பார்த்ததில்லை. பையனை அழைத்துக்கொண்டு மூன்று மைல் நடந்து போய்ப் பார்த்தார். திரும்பி வரும் வழியெல்லாம் பேச்சில்லை. வீட்டு வாசலுக்கு வந்ததும், கொட்டகை வாசலில் விற்ற வசனப் புத்தகம் ஒன்று வாங்கியிருக்கலாமே என்றாராம். மறுநாள் பையன் மறுபடியும் மூன்று மைல் நடந்து வாங்கி வந்தான். அன்றிலிருந்து தினம் இரவு சிம்னி விளக்கின் முன்னால் பையன் வாசிக்க வேண்டும், தகப்பனார் கேட்பார். வேறு எந்தப் பாகமும் வேண்டாம். ஜாக்சன் துரைக் காட்சி மட்டும்.

"என்னைத் திருத்துவார், தெரியுமா? வாசிக்கத் தெரியாத மனிதர், 'அந்த இடத்தில் நிறுத்தக் கூடாது, மூச்சை விடாமல் போக வேண்டும்' என்பார். உச்சரிப்பு நான் யாரிடம் படித்தேன் என்று நினைத்தாய்?"

ஒரு மாதத்தில் காட்சி முழுவதும் அவருக்குப் பாடமாகிவிட்டது. காலையில் கமலை இறைக்கும்போது மாடுகளுக்குப் பாடுகிற பாட்டை விட்டுவிட்டு, இந்த வசனத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மாடுகள் முன்னும் பின்னும் நடக்கின்றன. இவர் அவற்றைப் பார்த்து, வயலுக்கு வந்தாயா, நாற்று நட்டாயா என்று கேட்கிறார். மாடுகள் வயலுக்கு வந்தவைதாமே! பக்கத்துக் கிணற்றுக்காரர்கள் சிரிப்பார்களாம். தாயார், இந்த மனிதருக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று சுடலைமாடனுக்கு நேர்ந்துகொண்டாராம்.

"அந்த வருஷம் மழை இல்லை. ஜமாபந்திக்குப் போனார், கிஸ்தி வஜா கேட்க. என்னையும் கூட்டிக்கொண்டு போனார். மனுவை நான்தான் எழுதினேன். காலையிலிருந்து வேப்ப மரத்தடியில் நின்றோம். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். இன்றைக்கு ஐயா பேசப் போகிறார், அந்த வசனம் முழுவதையும் பேசப் போகிறார் என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. சாயங்காலம் கூப்பிட்டார்கள். உள்ளே போனார். மனுவை வைத்தார். 'சரி, போ' என்றார்கள். கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார்."

"வஜா கிடைத்ததா?"

"இல்லை. கட்டினார். ஒரு மாட்டை விற்றுக் கட்டினார். மறுநாள் காலையில் கமலைக்குப் போனால், இரவல் மாட்டைப் பூட்டிக்கொண்டு, பழையபடி வசனம் சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் இறக்கிற வரையில் ஒரு கிஸ்தி பாக்கி வைத்ததில்லை."

தெருவில் விளக்குப் போட்டார்கள். ஐயா தொண்டையைச் செருமிக்கொண்டார். "கட்டினவன் பேசக் கூடாதா, தம்பி? பிள்ளைகள் நடுவில் வைத்து, 'கட்டினார்' என்று ஏதோ திருட்டைக் கண்டுபிடித்தவன் மாதிரி சொன்னாயே."

எனக்குப் பதில் வரவில்லை. நான் சொன்னது ஒவ்வொன்றும் மெய். இப்போதும் அதில் எதையும் நான் வாபஸ் வாங்குவதற்கில்லை; மறு வருஷமும் வகுப்பில் அப்படியேதான் சொல்லுவேன். ஆனால் சொன்ன குரல் சரியில்லை. அதை ஐயாவிடம் ஒப்புக்கொண்டேன்.

பிறகு, பையில் கொண்டுபோயிருந்த காகிதத்தை எடுத்தேன். கால்டுவெல் ஐயர் 1881 இல் வெளியிட்ட திருநெல்வேலிச் சரித்திரத்தில் மேஜர் பானர்மன் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. 1799 அக்டோபர் 16 இல் கயத்தாற்றில் கட்டபொம்மனைத் தூக்கிலிட்ட மறுநாள் எழுதியது. தூக்கிலிட்டவனே எழுதிய சாட்சியம். அதன் சாரத்தைத் தமிழில் எழுதி வைத்திருந்தேன். தெரு விளக்கின் வெளிச்சத்தில் வாசித்தேன். விசாரணை நடந்த நேரம் முழுவதும் கட்டபொம்மன் சிறிதும் அஞ்சவில்லை என்றும், செருக்குடன் நின்றான் என்றும் பானர்மன் எழுதுகிறான். கூடியிருந்த பாளையக்காரர்களில் எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அடிக்கடி இகழ்ச்சியோடு பார்த்தானாம். தூக்குக்குப் போகையில் உறுதியான நடையுடன், இருபுறமும் நின்ற பாளையக்காரர்கள் மேல் வெறுப்புப் பார்வையை வீசிக்கொண்டு போனானாம். வழியில் தன் ஊமைத் தம்பி ஒருவனைப் பற்றியே கவலை தெரிவித்தானாம். மரத்தடிக்கு வந்தபோது, கோட்டையை விட்டு வந்திருக்கக் கூடாது, அதைக் காத்து அங்கேயே மடிந்திருக்கலாம் என்று வருந்தினானாம்.

படத்தில் இந்த இடத்திலும் வசனம் உண்டு. கடிதத்தில் இருப்பது பார்வையும் நடையும், தம்பியைப் பற்றி இரண்டு சொல்லும்தான். கூத்தாடிகள் சொல்லியோ, பெரியவர்கள் சொல்லியோ, அந்த நடை மட்டும் எப்படியோ தப்பிப் பிழைத்து அந்த நடிகரிடம் வந்து சேர்ந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. சரித்திர ஆசிரியன் சொல்லத் தக்க வார்த்தை அல்ல அது.

"இன்னொரு தரம் வாசி" என்றார் ஐயா. வாசித்தேன். "தம்பியைப் பற்றிக் கேட்டானா?" என்றார். "ஆமாம்" என்றேன். உள்ளே போய் அந்த வசனப் புத்தகத்தை எடுத்து வந்தார். அட்டை போய், பழுப்பேறி, மூலைகள் உதிர்ந்திருந்தது. என் காகிதத்தை மடித்து அதற்குள் வைத்துக்கொண்டார். நாளைக்கு எத்தனை மணிக்கு ஒத்திகை என்று கேட்டார்.

ஆண்டு விழாவில் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். முன் வரிசையில் ஐயா உட்கார்ந்திருந்தார். திரை விலகியது. மேடையில் ஜாக்சன், ஆசிரியர் அறை நாற்காலியில் மிகவும் கம்பீரமாக உட்கார்ந்திருந்தான். கட்டபொம்மன் பிரவேசித்தான், கரகோஷம். ஆரம்பம் நன்றாகத்தான் போயிற்று. வரி எங்கே என்று ஜாக்சன் கேட்டான். கட்டபொம்மன் ஒரு அடி முன்னால் வந்தான், கையை ஓங்கினான், வாயைத் திறந்தான். வசனம் வரவில்லை. மறந்துபோயிற்று. சபை முழுவதும் நிசப்தம். திரைக்குப் பின்னால் நின்ற எனக்கு வியர்த்துவிட்டது. என் கையிலிருந்த பிரதியின் பக்கங்கள் ஒட்டிக்கொண்டு திறக்க மறுத்தன.

அப்போது ஜாக்சன் துரை, நாற்காலியில் சாய்ந்தபடியே, உதடு அசையாமல், "எங்களோடு வயலுக்கு..." என்று எடுத்துக் கொடுத்தான். ஒலிவாங்கி அவன் பக்கத்தில் இருந்ததை அவன் யோசிக்கவில்லை. கலெக்டரே தம்மைத் தாம் கேட்டுக்கொண்ட அந்தக் கேள்வி மண்டபம் எங்கும் முழங்கியது. சபையில் எழுந்த சிரிப்பில் கூரை பறந்துவிடும் போல் இருந்தது. கட்டபொம்மனுக்கும் சிரிப்பு வந்து, அதோடு வசனமும் வந்துவிட்டது. அதன் பின் நிறுத்தாமல், மூச்சை விடாமல், கடைசி வரையில் சொல்லி முடித்தான். பாதியில் மீசையின் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியதை யாரும் பொருட்படுத்தவில்லை.

முடிந்ததும் இருவரும் முன் வரிசைக்கு வந்து ஐயாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். ஐயா கட்டபொம்மனிடம் பசை போதாது என்று சொன்னார். ஜாக்சனைக் கொஞ்ச நேரம் ஏற இறங்கப் பார்த்தார்.

"நீ சொன்ன 'வயலுக்கு'தான் சரியான ளகர லகரம்" என்றார். "அடுத்த வருஷம் அவன் ஜாக்சனாக இருக்கட்டும்."